குரோம் மூடி போட்ட ஃபில்டர்

டீ ஆறுகிறது இன்ஸ்பெக்டர் சார், குடித்துவிட்டே எழுதுங்கள். சொல்வதற்கு அதிகமில்லை.

அப்பாவின் கார் அண்ணனுக்கும் எனக்கும் மூத்தது. அதன் ஏர் ஃபில்டர் எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு தகர டப்பா. லட்சணம் கிடையாது. ஆனால் அது விடுகிற காற்றுக்குத் தக்கபடிதான் கார்புரேட்டரில் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை, வைத்திருப்பார்கள். வெகுகாலம் குடித்தனம் நடத்திய தம்பதி மாதிரி. ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் சரிக்கட்ட வேண்டும். அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அவர் படுக்கையில் விழுந்தபின் பட்டறையை நடத்தியவளும் நான்தான். அவர் போனதும் மகனுக்குக் கார், மகளுக்குக் கை நிறையக் கிரீஸ். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

பழைய கார்களின் அணிவகுப்புக்கு முதல் நாள் அண்ணன் ஒரு ஃபில்டரோடு பட்டறைக்கு வந்தான். குரோம் மூடி, சிவப்பு வலை.

"இதை மாட்டு. வண்டி சும்மா பறக்கும்னு கடைக்காரன் சொன்னான்."

"இது காத்தை அள்ளி விடும்ணா. ஜெட்டையும் பெருசா மாத்தணும். இல்லன்னா..."

"ஆரம்பிச்சுட்டியா? மாட்டத்தான் சொன்னேன், பாடம் நடத்தச் சொல்லல. காலாகாலத்துல ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்டியிருந்தா இந்த வாய் குறைஞ்சிருக்கும்."

கூட வந்திருந்த அண்ணி சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னபடி மாட்டினேன். சரியான ஜெட் என் மேசை டிராயரிலேயே இருந்தது.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். வேலை முடிந்தால் ஓட்டிப் பார்ப்பது அப்பா பழக்கியது. மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை, சத்தம்கூடக் கம்பீரமாகியிருந்தது. ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் மட்டும் திணறியது. காற்று முந்திக்கொள்கிறது, பெட்ரோல் பின்தங்கிவிடுகிறது. அந்த ஒரு கணம் வண்டி யார் பேச்சையும் கேட்காது. திரும்பத் திரும்ப மிதித்தேன். தவறாமல் திணறியது.

அணிவகுப்புக்கு மலைப்பாதையில்தான் போக வேண்டும். அண்ணன் மலையேறும் அழகு எங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு லாரி போனால் அவனுக்குப் பொறுக்காது.

காலையில் சாவியைக் கொடுத்தேன்.

"பறக்குமா?"

"பறக்கும்ணா."

லாரியை முந்தும்போது எதிரே பஸ் வந்ததாம். அண்ணன் அழுத்தி மிதித்திருப்பான். கம்பீரமான சத்தம் மட்டும் வந்திருக்கும். பக்கத்து சீட்டில் அண்ணி இருந்தாள். இருவரையும் நான்தான் அடையாளம் காட்டினேன்.

அவன் கேட்டதைச் செய்தேன். கேட்க விரும்பாததைச் சொல்லாமல் விட்டேன். இதற்குக் கொலை என்று பெயர் வைப்பது நியாயமா, நீங்களே யோசியுங்கள். யாரும் சாக வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இருந்ததில்லை. அப்படி இருந்திருந்தால், அந்த சீட்டில் முதலில் ஏறி உட்கார்ந்த அம்மாவை, முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லி, நான் எதற்காகக் கீழே இறக்கியிருப்பேன்?