தீவுக்கு மணியடித்த உபதேசியார் சவரியப்பன்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பங்குச் சாமியார் அவர்களே, ராகலையிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் நஸார் நானா அவர்களே, தீவு டிவிசனிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் வீரய்யா மாமா நான், இதை முன்னமே சொன்னேனா இல்லையா? "இந்த மரப்பாலம் ஒருநாள் காவு வாங்கும்" என்று போன தைப்பொங்கலன்றே சொன்னேன். சொன்னது அத்தனையும் நடந்துவிட்டது!

யார் இந்த உபதேசியார் சவரியப்பன்? நாற்பத்தெட்டாம் ஆண்டு, ஒரு தகரப் பெட்டியோடு இந்த மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஆறு இரண்டாகப் பிரிந்து சுற்றி ஓடும் அந்தத் துண்டுத் தேயிலை மலையில் நாற்பது குடும்பம். அதற்குத் 'தீவு' என்று பெயர் வைத்ததே நான்தான்! நாற்பதில் வேதக்காரக் குடும்பம் எத்தனை? ஆறு! மற்றதெல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவை. அவர் பிரித்துப் பார்த்தாரா?

ஆற்றிலிருந்த கல் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தார். விடிந்ததும் கம்போடு இறங்கிப் போவார். கல்லின் தலை வெளியே இருந்தால் கோயில் மணியை அடிப்பார். தீவு ஆட்கள் பாலம் ஏறி, காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வருவார்கள். கல் மூழ்கினால் மணி இல்லை. மணி இல்லையென்றால் தோட்டத்துப் பெரிய துரையே கூப்பிட்டாலும் ஒருவரும் பாலத்தில் கால் வைக்க மாட்டார்கள்.

"ஏங்க உபதேசியாரே, கல்லுதான் மேட்டுலேருந்தே தெரியுதே, எதுக்குச் சேத்துல எறங்குறீங்க?" என்று கேட்டேன்.

"வீரய்யாண்ணே, தண்ணி பொங்குனா நுரையும் வெள்ளதான். கம்பால தட்டிப் பாக்காம மணிக்கயித்தத் தொடக்கூடாது" என்றார்.

பதினான்கு மழைக்காலம்! ஒரு உயிர் போனதா?

ஒரு வெள்ளத்தில் ஒரு தோளில் தீவுக் கிழவி காளியாயியையும் மறு தோளில் அவள் ஆட்டையும் சுமந்து கரையேற்றினார். ஆடு ஒன்று என்பார்கள்; நான் பார்த்தது நான்கு! "ஐயா, என்னய விட்டுட்டு ஆட்டத் தூக்குங்க!" என்று அவள் கத்தினாள். "ஞானஸ்நானம் வேணாம்னு சொன்னியே, இப்ப மூணு தரம் முங்கிட்டியே ஆத்தா!" என்று அவர் சிரித்த சிரிப்பு உடப்புசல்லாவை டவுன் வரை கேட்டது!

அப்படிப்பட்டவரை நாம் எப்படிப் பறிகொடுத்தோம்? போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவர் மேல் லயத்து வீடொன்றில், காய்ச்சலில் கிடந்த அம்மாக்கண்ணுவுக்கு ஜெபம் சொல்லப் போயிருந்தார். அடைமழை. பெரட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மணி அடித்தது! மணியை நம்பி, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி பூரணி முதல் ஆளாகப் பாலம் ஏறினாள். மேல் லயத்திலிருந்து அவர் ஓடி வந்தார். "ஏறாத தாயி! அது நான் அடிக்கல!" என்று கத்திக்கொண்டே பாலத்தில் பாய்ந்தார். அவளை அக்கரைக்குத் தள்ளினார். பாலத்தோடு அவர் போனார்.

மணியடித்தது யார்? பெரட்டுக்கு ஆள் குறைகிறதென்று, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு கணேசமூர்த்திதான் கயிற்றை இழுத்தார், நுரையைக் கல்லென்று நினைத்துவிட்டார் என்று லயம் லயமாகச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் வாசலில் இத்தனை பேர் நிற்கிறீர்கள். மூன்றாவது பெஞ்சில் அவர் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார்.

யாரது, அழகுமுத்துவா? என்ன சொல்கிறாய்? "பேச்ச முடிங்க மாமா, அந்தாளு வெளிய வரட்டும்" என்றா? முடிக்கத்தான் போகிறேன் மருமகனே. மாதா கோயிலுக்குள் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி எதற்கு? கீழே வை.

நாளை பாலம் போட்டுவிடுவார்கள். தீவுக்கு யார் தண்ணீர் பார்ப்பது? வேதக்காரர், மாரியம்மன் கோயில்காரர் என்று பாராமல் வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து இறங்குவோம். தட்டிப் பார்க்காமல் மணியைத் தொட மாட்டோம் என்று உபதேசியார் சவரியப்பன் பெயரால் சொல்லுங்கள்! இன்னும் உரக்க!

அந்த முறையில் என் பெயரைச் சேர்க்காதீர்கள். அழகுமுத்து, வாசலை விட்டு விலகு. அந்த மனுசன் வீட்டுக்குப் போகட்டும். அன்று அவர் கோயில் பக்கமே வரவில்லை. கண்டாக்கு மணியடித்தார் என்பது நான் கட்டிய கதை. மேட்டில் நின்றபடியே பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்தது. நான்தான் அடித்தேன்.