ஞாயித்துக்கிழமை விசிட்டு

– இல்ல மேடம், மெஷின் மேல பழி போடாதீங்க. நேத்துகூட நான் ஏறிப் பாத்தேன். எழுவத்தி ஒம்போது. அது பொய் சொன்னா எனக்குத்தான மொதல்ல சந்தோஷம்?

– சுகராக்கா, மெஷின் சரின்னா வேற எங்கயோ தப்பு. அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் போகணும். வேலூர்லேந்து பஸ் புடிச்சு ஆம்பூர் வந்து, இந்த மாடி ரூம்ல உங்களோட உக்காந்திருக்கறது உங்க எடைய தெரிஞ்சுக்க இல்ல.

– கேளுங்க ஜெஸி மேடம், இன்னா வேணும்னாலும் கேளுங்க. டீ சொல்லட்டுமா? கீழ கடையில நல்லா இருக்கும்.

– வேணாம். இதப் பாருங்க. நாம பாடம் எடுத்த ஸ்கூல் ஆறு. புள்ளைங்க குண்டாகக் கூடாதுன்னு ஒரு வருஷமா விளையாட்டு, காய்கறி சார்ட்டு, வீடு வீடாப் போய் அம்மாங்களுக்கு அட்வைசு, எல்லாம் செஞ்சோம்.

– செஞ்சோம். செருப்பு ரெண்டு ஜோடி தேஞ்சிடுச்சு.

– ஆரம்பத்துல நூத்துக்குப் பதினெட்டு புள்ள குண்டு. இப்ப எவ்ளோ சொல்லுங்க பாப்போம்.

– பத்து?

– பதினெட்டு.

– யா அல்லா.

– இருங்க, இன்னும் இருக்கு. நாம ஒண்ணுமே செய்யாத ஸ்கூல் ஆறு இருக்கில்ல?

– சும்மா ஸ்கூலு. வருஷத்துக்கு ரெண்டு வாட்டி போயி எட மட்டும் பாத்துட்டு வருவமே, அதான?

– அதுக்கு கண்ட்ரோல் ஸ்கூல்னு பேரு.

– நாங்க சும்மா ஸ்கூல்னுதான் சொல்றது. சும்மாதான கீது?

– அந்த சும்மா ஸ்கூல்ல பதினெட்டு இப்ப ஒம்போது ஆயிடுச்சுக்கா. பாதி! ஒரு யூனிவர்சிட்டி, ஒரு ப்ரொஃபசர், நீங்க ஆறு பேரு, நானு, எல்லாரும் மாரடிச்ச எடத்துல ஒரு புள்ள கூட எளைக்கல. யாரும் எட்டிப் பாக்காத எடத்துல பாதியாக் கொறஞ்சிருக்கு.

– அப்ப நாம போவாம இருந்தா நல்லா இருந்திருக்கும்ன்றீங்க.

– நான் சொல்லல. டேட்டா சொல்லுது.

– அந்த டேட்டாவுக்கு இன்னா தெரியும் மேடம்? அது இன்னா வெயில்ல சந்து சந்தா ஏறி எறங்குச்சா?

– கோவப்படாதீங்க. விஷயம் பெருசு. ஏன் இப்படி ஆச்சுன்னு காரணம் காட்டலன்னா அடுத்த மூணு வருஷம் ப்ராஜெக்டே கெடையாது. உங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சரியா இருக்கு, நான் பாத்துட்டேன். வீட்டு விசிட்டு பாக்கி. எத்தன மணிக்குப் போவீங்க?

– ஞாயித்துக்கிழம. பன்னெண்டு, ஒண்ணு.

– ஏன் ஞாயித்துக்கிழம?

– வேற எப்ப போறது? அம்மாக்காரி அத்தன பேரும் ஷூ கம்பெனி. காலைல கம்பெனி பஸ் ஏறுனா பொழுது சாஞ்சப்பறம்தான் வீடு. நானும் பதினோரு வருஷம் அங்க ஷூவுக்கு மேல் தோலு, அப்பர், தெச்சவதான, எனக்குத் தெரியாதா?

– சரி. கதவத் தட்டுறீங்க. அப்பறம்?

– சலாம் சொல்வேன். வணக்கம்னா வணக்கம், தோத்திரம்னா தோத்திரம். உக்காருவேன். அப்பறம் பேசுவோம்.

– உக்கார்றதுக்கும் பேசறதுக்கும் நடுவுல?

– நடுவுல இன்னா? ஒண்ணும் இல்ல.

– அக்கா.

– சாப்பாடு வெப்பாங்க.

– என்ன சாப்பாடு?

– ஞாயித்துக்கிழம மத்தியானம் ஆம்பூர்ல இன்னா மேடம் வெப்பாங்க? ஓட்ஸா?

– பிரியாணியா!

– எல்லா வீட்லயும் இல்ல, சும்மா சொல்லக் கூடாது. ஒரு நாளைக்கு ஒம்போது வீடு போறோம்னு வைங்க, நாலு வீட்ல பிரியாணி. கத்திரிக்கா பச்சடியோட. ரெண்டு வீட்ல இட்லி, கறிக்கொழம்பு. மீதி வீட்ல மக்கன் பேடா, சேமியா, எதுனா இனிப்பு. ஜோஸுன்னு ஒரு பையன், அவன் வீட்ல மட்டும் கேக்கு.

– புள்ள அப்ப எங்க இருக்கும்?

– பக்கத்துலதான். வந்தவளுக்கு வெக்கறப்ப பெத்த புள்ளைக்கு வெக்காம இருப்பாளா? ரெண்டு பேரும் துன்னுகிட்டேதான் பேசறது. எண்ணப் பலகாரத்த கம்மி பண்ணு, சக்கரைய கம்மி பண்ணு, சாயங்காலம் வெளையாட உடுன்னு எல்லாம் ஒழுங்கா சொல்லிடுவேன்.

– வாய் நெறைய பிரியாணிய வெச்சுகிட்டு!

– வாய காலியா வெச்சுகிட்டு சொன்னா எவ கேப்பா? தபரேஸ் அம்மா இன்னா பண்ணா தெரியுமா? மொத மாசம் கதவே தொறக்கல. எம் புள்ளைய குண்டன்னு சொல்லவா படியேறி வந்தன்னு ஜன்னல் வழியா கத்துனா. பையன் அழுவுறான் உள்ள. மறு மாசம் போயி, பசிக்குது, இன்னா ஆக்குனன்னு கேட்டேன். கதவு தொறந்துச்சு. இப்ப அந்தப் பையனே தட்டு கழுவி எடுத்தாந்து வெக்கறான்.

– வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

– சொல்லக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கே.

– எந்தப் புஸ்தகம்?

– நீங்க குடுத்த பச்சப் புஸ்தகம். பதினாலாம் பக்கம். எம் பொண்ணு உமைமாவப் படிக்கச் சொல்லி மனப்பாடமே பண்ணிட்டேன். "குடும்பத்தினர் அன்புடன் வழங்கும் உணவை மறுக்காமல் ஏற்று, அவர்களின் நம்பிக்கையைப் பெற வேண்டும்."

– அது ஒரு டம்ளர் டீய நெனச்சு எழுதுனது!

– டீன்னு போடலயே மேடம். எழுதுனது யாரு?

– நான்தான்.

– நல்லாதான் எழுதிக்கீறீங்க.

– சரி, விடுங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒத்துழைப்புன்னு ஒரு மார்க் போடச் சொன்னேனே? எல்லாத்துக்கும் எட்டு, பத்து, எட்டு, பத்துன்னு போட்டிருக்கீங்க. என்ன கணக்கு அது?

– ஒரு வாட்டி வெச்சா எட்டு. வேணாம் வேணாம்னு சொல்றப்பவே ரெண்டாவது வாட்டி வெச்சா பத்து.

– கடவுளே. அந்த மார்க்க காட்டி நான் டெல்லில ஒரு மீட்டிங்ல பேசினேன். எழுந்து நின்னு கை தட்டுனாங்க.

– தட்டட்டுமே. நம்ம ஊருக்குப் பெருமதான?

– போதும்கா. தப்பு எங்கன்னு தெரிஞ்சிடுச்சு.

– மேடம், மாசத்துல ஒரு வேள சோறு. அதுல ஒரு புள்ள குண்டாவுமா? மீதி இருவத்தொம்போது நாளும் அதுங்க காத்தக் குடிச்சுகிட்டா இருக்குது?

– எனக்கு அஞ்சு மணிக்கு ஒரு காரணம் வேணும்கா. இது காரணம். இருங்க, ப்ரொஃபசர் சாருக்குப் போன் போடறேன். ஹலோ, சத்தியநாதன் சார், ஜெஸி. ஸ்பீக்கர்ல இருக்கீங்க, ஃபீல்டு ஒர்க்கர் சுகராக்காவும் இங்க இருக்காங்க.

– சொல்லும்மா ஜெஸி, சுருக்கமா சொல்லு. ஏலகிரில கருத்தரங்கு. குழந்தைகளும் நொறுக்குத் தீனியும். டீ ப்ரேக் விட்டுட்டாங்க, பஜ்ஜி ஆறிடும்.

– காரணம் கெடச்சிடுச்சு சார். வீட்டு விசிட்டு. போற எடத்துல எல்லாம் பிரியாணி, புள்ளைங்களோட சேந்து.

– பிரியாணியா? அருமை! அருமைம்மா! இத யாருமே எழுதினதில்ல. வீட்டுக்குப் போறதே கெடுதல்னு தெளிவா எழுது. அடுத்த மூணு வருஷத்துக்கு விசிட்ட நிறுத்திடுவோம். போன்ல மெசேஜ் அனுப்பினாப் போதும். மெசேஜ் பிரியாணி சாப்பிடாது பாரு!

– அப்ப ஃபீல்டுல இருக்கற ஆறு பேரு சார்?

– மெசேஜ் அனுப்ப ஆறு பேரு எதுக்கும்மா? நல்லபடியா ஒரு சர்டிபிகேட் குடுத்துடு. வெச்சிடறேன், பஜ்ஜி வந்துடுச்சு.

– சார், ஒரு நிமிஷம், சார்… கட் பண்ணிட்டாரு.

– சர்டிபிகேட்டா மேடம்?

– அக்கா, நான் உங்களுக்காகப் பேசறேன். கண்டிப்பா பேசறேன்.

– கம்பெனிக்குத் திரும்பிப் போவ முடியாது மேடம். கண்ணு மங்கிப் போயி, தையல் கோணுதுன்னுதான அனுப்புனாங்க. எங்கூட ஃபீல்டுக்கு வர்ற பக்ருன்னிசாவுக்கு முதுகு போச்சு. ஆறு பேருல நாலு பேரு அப்டி கழிச்சு உட்டவங்கதான். இந்த ரிப்போர்ட்ட அனுப்பாதீங்கன்னா கேப்பீங்களா?

– பொய் எழுத முடியாதுக்கா. நம்பர் நம்பர்தான். என் மனசுக்கு புடிக்கலன்னு மாத்த முடியுமா?

– பொய் எழுதச் சொல்லல. சரி. அனுப்புங்க. உங்களுக்கும் பொழப்பு கீது.

– அனுப்பிட்டேன். நாலு அம்பத்தி ரெண்டு. மன்னிச்சிடுங்கக்கா.

– உங்க மேல இன்னா இருக்குது? பேஜாராவாதீங்க. இந்தாங்க, ரூம் சாவி. எட மெஷினு, ஒயரம் பாக்கற பலக, டேப்பு, எல்லாம் அந்த மூலைல கீது. அப்பறம் இந்தக் கட்டு, இதயும் நீங்களே வெச்சுக்குங்க.

– என்ன கட்டு?

– சும்மா ஸ்கூலுதுதான். போன வாரம் எட பாத்தமே, அன்னிக்கி வராத புள்ளைங்களோட பேப்பரு. இருவத்திரெண்டு. அந்த அம்மாங்க என்னிய ரோட்ல பாத்து, எங்க வீட்டுக்கும் ஒரு ஞாயித்துக்கிழம வாங்களேன், வீட்ல வெச்சே எட பாருங்களேன்னு கேட்டாங்க. சும்மா ஸ்கூலு புள்ளைங்க வீட்டுக்குப் போவக் கூடாதுன்னு நீங்க ரூல் போட்டுக்கீறீங்க இல்ல, அதான் நான் போவல.

– அது சாதாரண ஆப்சென்ட்டுக்கா. எல்லா சர்வேலயும் இருக்கும். காய்ச்சல் சீசன் வேற.

– காய்ச்சலா? இருவத்திரெண்டும் கொழுகொழுன்னு கீற புள்ளைங்க மேடம், மொத வாட்டி இன்னான்னு தெரியாம ஏறிடுச்சுங்க, இந்த வாட்டி எல்லார் முன்னாடியும் மெஷின் மேல ஏறணுமேன்னு அன்னிக்கி மட்டும் ஸ்கூலுக்கே வரல; நம்ம புள்ளைங்கதான் எவ்ளோ குண்டா இருந்தாலும் ஒண்ணு பாக்கி இல்லாம வந்து ஏறும், நான் அதுங்க கூட உக்காந்து சாப்ட்டவ இல்ல?