உள் வரிசை

மனித குலத்தின் மகத்தான படைப்பு விறகு அடுக்கு. கோயில்களும் பாலங்களும் அதற்கு அப்புறம்தான். இதை எங்கள் பள்ளத்தாக்கு விறகுச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பதினான்கு தடவை பேசியிருக்கிறேன். பதினான்கு தடவையும், வாஃபிள் அப்பம் ஆறுகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று துண்டுச்சீட்டு வந்தது.

கோட்டைக் கழற்றிவிடுங்கள், அம்மா. போலீஸ் கோட்டு கனம். இந்த வீட்டில் குளிராது.

ஹால்வோர் வீட்டைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். வரிசையாகவே சொல்கிறேன்.

பிர்ச் மரத்தை நாங்கள் துளிர் விடுமுன் வெட்டுவோம். பிளந்து, மே மாதத்துக்குள் வெயில் பக்கமாக அடுக்கிவிட வேண்டும். ஜூலை கடைசியில், ஓலாவ் திருநாள் அன்று, சங்கத்தார் முற்றம் முற்றமாக வந்து அடுக்குகளைப் பார்ப்பார்கள். நடுவர் நான். நடுவருக்குத் தொப்பி உண்டு, வெள்ளிச் சங்கிலி உண்டு. சங்கிலி, குளியல் தொட்டியின் அடைப்பானில் கோர்ப்பதற்காகக் கடையில் விற்பது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

என்னை நடுவராக்கியதற்குக் காரணம் என் புகை. காய்ந்த விறகின் புகை கண்ணுக்கே தெரியாது, புகைபோக்கிக்கு மேலே காற்று லேசாக நடுங்கும், அவ்வளவுதான். என் புகைபோக்கியில் அந்த நடுக்கத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. ஊரில் அதற்குப் பெரிய மரியாதை.

இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். காய்ந்தது கணீர் என்னும், ஈரம் பொத்தென்னும். பொத்தென்றாலும் வாய் திறந்து சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் ஒருவன் மனைவி ஓடிப்போனதைப் பேசலாம், மகன் சிறைக்குப் போனதைப் பேசலாம். விறகு ஈரம் என்று மட்டும் சொல்லக் கூடாது. "நல்லா அடுக்கியிருக்கீங்க" என்போம். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிடும்.

ஹால்வோர் அடுத்த வீடு. ஓய்வு பெற்ற சர்வேயர். போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து ஓலாவ் திருநாளில், ஊரே என் முற்றத்தில் காப்பிக் கோப்பையோடு நிற்கும்போது, சட்டைப் பையிலிருந்து மஞ்சளாக ஒரு ஈரமானியை எடுத்தார். முனையில் இரண்டு ஊசி. என் அடுக்கின் உள்ளேயிருந்து ஒரு கட்டையை உருவி, கோடாரியால் இரண்டாகப் பிளந்து, புது முகத்தில் ஊசியைக் குத்தினார்.

"முப்பத்தொண்ணு," என்றார். "இருபதுக்குக் கீழ இருந்தாத்தான் அது விறகு. இதுல மீன் வளக்கலாம், குட்முண்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. எல்லாரும் தங்கள் காப்பியைப் பார்த்தார்கள். நாற்பது பேர், ஒருவனுக்காவது கருவி பழுது என்று சொல்ல வாய் வரவில்லை. கருவி பழுதுதான். அடுத்த வாரம் தொப்பியையும் சங்கிலியையும் வாங்கிப் போக ஆள் அனுப்பினார்கள். ஹால்வோர் நடுவரானார். சங்கிலி அவர் கழுத்துக்குப் பற்றவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒரு வருஷம் நான் எதுவும் செய்யவில்லை. கடைக்குப் போனால் ரண்டி, கடைக்காரி, என்னிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினாள். அதுவும் மழையைப் பற்றிப் பேசமாட்டாள்.

போன செப்டம்பரில் ஹால்வோர் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எங்களில் ஒருவன் படுத்துவிட்டால் ஊரே கூடி அவன் வேலையை முடித்துக் கொடுக்கும். கூலி கிடையாது. வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்பதும் கிடையாது, சாகும்வரை நினைவில் வைத்துக்கொள்வார்கள். அவர் முற்றத்து விறகைக் கொட்டகைக்குள் சேர்க்க ஒன்பது பேர் போனோம். உள்ளே அடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய மனசு என்று ரண்டி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

வேலை ஒரு நாளில் முடியவில்லை. மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஹால்வோர் மூன்று வாரம் மருத்துவமனையில், மனைவி போர்கில்ட் கூடவே. சதுப்பு ஓரம் என் ஊசியிலை மரங்கள் நின்றன. வெட்டினேன், பிளந்தேன். பச்சை மரம், கையில் எடுத்தால் பிசினும் தண்ணீரும் ஒட்டும். அதைக் கொட்டகையின் உள் வரிசைகளில் வைத்தேன். முன்னால் இரண்டு வரிசை அவருடைய பிர்ச். மிச்ச பிர்ச் என் முற்றத்துக்கு வந்தது. திருட்டு என்று எழுதாதீர்கள். கன மீட்டருக்குக் கன மீட்டர் கொடுத்திருக்கிறேன்.

அதுபோல நான் வாழ்க்கையில் அடுக்கியதில்லை. நூல் பிடித்த மாதிரி நின்றது.

முன் வரிசைகள் நவம்பர் நடுவில் தீர்ந்தன. நாள்கூடத் தெரியும், ஏனென்றால் அன்று புகை மாறியது. பழுப்பாக, கனமாக, மேலே போக மனமில்லாமல் கூரைமேல் வழிந்தது. ஊரே பார்த்தது. ரண்டி ஒருநாள் ரொட்டியைச் சுற்றிக்கொண்டே, "ஹால்வோர் வீட்டுப் புகை இந்த வருஷம் கொஞ்சம் சோம்பேறி," என்றாள். வரிசையில் நின்றவர்கள் ரொட்டியைப் பார்த்தார்கள்.

ஹால்வோரும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், நடுவர். மஞ்சள் கருவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. புகைபோக்கி துடைப்பவரைக் கூப்பிட்டால் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரே என்று அவரையும் கூப்பிடவில்லை. அடுப்பின் காற்றுவழியைச் சாத்திவைத்து, புகையவிட்டுப் புகையவிட்டே ஜனவரியைக் கடத்தினார். பச்சை விறகு அப்படிப் புகைந்தால் புகைபோக்கிக்குள் தார் மாதிரி கறுப்பாகக் கீல் படியும், விரல் தடிமனுக்கு. அது தானாக ஒன்றும் செய்யாது. கீழே பெரிய தீ ஒன்று வர வேண்டும், அப்போதுதான் பற்றிக்கொள்ளும்.

பிப்ரவரி ஒன்பது, மைனஸ் முப்பத்திரண்டு. காலை பதினொரு மணி. மகளின் பிரசவத்துக்காக போர்கில்ட் ஓஸ்லோவுக்குப் போயிருந்தாள். நான் சறுக்கு வண்டியில் இரண்டு மூட்டை பிர்ச் இழுத்துப் போனேன். நல்ல பிர்ச். அவருடையதே.

இரண்டு ஸ்வெட்டர், மேலே கம்பளி, அடுப்பை ஒட்டி நாற்காலியில் கிடந்தார். ஊன்றுகோல்கள் காலடியில் கிடந்தன. யாரும் தடுக்கி விழக் கூடாதே என்று எடுத்துக் கதவோரம் சாத்திவைத்தேன்.

"என்னய்யா, மீன் கொண்டாந்தியா?" என்றார்.

"விறகு."

இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினார். கணீரென்றது. கொஞ்ச நேரம் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னுதும் காஞ்சதுதான்," என்றார். "இந்த வருஷம் கொஞ்சம் பிடிவாதம் புடிக்குது."

"தெரியும்."

"அன்னைக்கு ஊர் முன்னால நான் அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தார். கருவி பழுது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். நான் நியாயமான ஆள்.

"தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்," என்றார். "அளவு என்னவோ சரிதான்."

அடுப்பை நிறைத்தேன். காற்றுவழியை முழுக்கத் திறந்துவிட்டேன். நன்றாகப் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டி, "இதுக்குப் பேருதான் தீ," என்றார். முகத்தில் ரத்தம் ஓடி, பார்க்க நன்றாக இருந்தார். வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். இருபது நிமிஷத்தில் அவர் புகைபோக்கி ரயில் மாதிரி இரைய ஆரம்பித்தது. தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தது நான்தான், காப்பியைக் குடித்துவிட்டு. வண்டி வர நாற்பது நிமிஷம் ஆகும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அவர் கதவு வரைக்கும் வந்திருக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஊன்றுகோலைத் தேடி வந்திருப்பார்.

என்னிடம் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வீடு தரைமட்டம். ஒட்டி நின்ற கொட்டகைக்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. நடுவில் என் அடுக்கு மட்டும் நிற்கிறது. முன்பக்கம் கருகியிருக்கிறது, ஒரு கட்டை சரியவில்லை. வீடு எரிந்தது, விறகு எரியவில்லை. ஊரே வந்து பார்த்தது. அப்போதும் ஈரம் என்று ஒருவர் சொல்லவில்லை. "நல்லா அடுக்கியிருக்கு," என்றார்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும். ஹால்வோரை நான்தான் கொன்றேன், யோசித்து, ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு. ஆனால் சொந்தக் கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். விறகின் மானம் என்று ஒன்று இருக்கிறது. விறகை நம்பிக் குளிர்காலத்தைக் கடப்பவனுக்குத்தான் அது புரியும்.

அடுப்பையா பார்க்கிறீர்கள். திறந்துகொள்ளுங்கள், சுடாது. உள்ளே இருப்பது மாற்று பல்புகளும் பழைய செய்தித்தாள்களும். என் விறகு பிடிப்பதில்லை. இந்த வீட்டைச் சூடாக்குவது சோபாவுக்குப் பின்னால் இருக்கும் மின்சார ஹீட்டர். பதினேழு வருஷமாக.