அரக்கு நிறத்து வண்டி

வண்டிக்கு நிறம் முடிவு செய்த அன்று கூடத்தில் இருந்தவர்கள்: ராஜவேலு, அவன் அப்பா முனிசாமி, அம்மா லோகாம்பாள், சென்னையிலிருந்து வந்த கார் ஏஜெண்ட், நான். ஏஜெண்டுக்கு மோர் ஒத்துக்கொள்ளாது என்றதால் அவருக்கு மட்டும் காப்பி கொடுத்தார்கள். மற்ற நால்வரும் மோர் குடித்தோம்.

புதுக் காருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதைவிடச் சுலபம். புடவைக் கடையில் நூறு நிறத்தைப் பிரித்துப் போடுவார்கள். கார் கம்பெனியின் அட்டையில் ஆறே ஆறுதான் இருந்தன. அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டான் ராஜவேலு. நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப் பட்டறையில் இராத்திரி முறை வேலை பார்க்கிறவன். பெயர் குமாரசாமி. ராத்திரி முழுக்கப் பட்டு நூலைக் கொப்பரையில் முக்கிச் சாயம் ஏற்றுவோம். விடிந்ததும் முதலாளி வெயிலில் பிடித்து நிறம் பார்ப்பார். நான் போட்ட நிறத்தை அவர் திருப்பி அனுப்பியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டேன் என்று பிறகு நீங்கள் நினைக்கக்கூடாது. இந்த வண்டியின் விஷயமாகத் தர்மன் என்ற லாரி டிரைவர் இப்போது ஜெயிலில் இருக்கிறான். பதினெட்டு மாதத் தண்டனை. அப்பீல் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன்.

ராஜவேலுவும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ரசாயனம், இரண்டாம் வருடம். அவனுக்கு ஓரிக்கைப் பக்கம் நிலமும், ஊருக்குள் அரிசி மில்லும், கட்சியில் நாலு பேரைத் தெரிந்த அப்பாவும் இருந்தார்கள். எனக்குப் படிப்பு வந்தது. பரீட்சை அறையில் அவன் கொண்டுவந்த துண்டுச்சீட்டு ஒன்று நழுவி என் காலடியில் விழுந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் குனிந்து எடுத்தார். யாருடையது என்று கேட்டார். நான் ராஜவேலுவைப் பார்த்தேன். அவன் விடைத்தாளில் எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தான். என் கையெழுத்து இல்லை என்று சொன்னேன். பொடி எழுத்தில் எழுதினால் எல்லாருடைய கையெழுத்தும் மாறித்தான் போகும் என்றார் அவர்.

எனக்கு மூன்று வருடம் பரீட்சை எழுதத் தடை. அப்பாவுக்கு அப்போதே கண் மங்கிவிட்டதால் மூன்று வருடம் சும்மா இருக்க முடியாது. பட்டறைக்குப் போனேன். ராஜவேலு இரண்டாம் வகுப்பில் தேறினான்.

பிறகு ஒருநாள் அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா அப்பா கிட்ட சொல்லிப் பாத்திருப்பேன்டா. நீ கேக்கவே இல்லியே" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான். உடனே டீ வாங்கிக் கொடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

ராஜவேலுவுக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் ஓரிக்கை ரோட்டில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம், புளியமரங்கள் அடர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு சிகரெட் பிடிப்பான். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விளக்கை அணைத்துவிடுவான். சிகரெட்டை இடக் கையில்தான் பிடிப்பான். வலக் கையில் வாசனை ஒட்டினால் சாப்பிடும்போது எதிரே உட்காரும் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். என் முறை ஏழு மணிக்கு ஆரம்பம் என்பதால் அதுவரை கூட இருப்பேன். பிறகு பட்டறையில் இறக்கிவிடுவான். அப்போது அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது.

எழுபத்தொன்றில் கார் வாங்குவது என்று முடிவானது. கூரை மடங்குகிற, இரண்டு கதவு மட்டும் உள்ள வண்டி. ஸ்போர்ட்ஸ் கார் என்றான். பணம் கட்டி ஒரு வருடத்துக்குமேல் காத்திருக்க வேண்டும். ஏஜெண்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நிற அட்டை வந்துவிட்டது. அட்டையில் இருந்த ஆறு நிறத்துக்கும் பொருத்தமாகப் பட்டறையிலிருந்து ஆறு நூல் சிட்டங்களை எடுத்துக்கொண்டு போய்ப் புளியமரக் கிளையில் வரிசையாகத் தொங்கவிட்டேன்.

"இன்னாடா இது, கொடியில துணி காயப் போடற மாதிரி?"

"சாயங்காலத்துல எது எப்படி இருக்குதுன்னு பாக்கணும்."

"காலையிலயும்தானே காரு ஓட்டப் போறேன்."

"காலையில எல்லாமே அழகாத்தான் இருக்கும்" என்றேன்.

அது அவனுக்குப் பிடித்திருந்தது. தானே நூறு தப்படி எண்ணி நடந்து போய்த் திரும்பி நின்றான். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் கொடுத்தான். "டேய், அஞ்சுதான்டா தெரியுது. ஒண்ணு கீழ வுழுந்திச்சா பாரு."

எதுவும் விழவில்லை. அரக்குச் சிட்டம் என் முகத்துக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயம் போடுகிறவனுக்கு இது புதிதில்லை. பொழுது சாயும்போது சிவப்புதான் முதலில் சாகும். அதிலும் அரக்கு, கண்ணெதிரே கறுத்து மரத்தோடு மரமாகப் போய்விடும். பச்சை கொஞ்சம் தாங்கும். நீலம் கடைசிவரை நிற்கும். மூன்று வருடம் தினமும் அந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குள் நுழைந்தேன். மற்றவர்கள் சிவப்பு தூரத்திலிருந்தே தெரியும் என்று நம்புகிறார்கள். அபாய விளக்கைப் பார்த்து அப்படி நினைக்கிறார்கள். விளக்கு எரிகிறது. பூச்சு எரிவதில்லை.

இனி கூடத்துக்கு வருகிறேன். முனிசாமி வெள்ளை வேண்டும் என்றார். மீட்டிங்குக்குப் போக மரியாதையாக இருக்குமாம். ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கும் என்றேன். லோகாம்பாள் அட்டையில் மஞ்சளைத் தொட்டு, "இதை எடுங்கப்பா. மங்களமா இருக்குது" என்றார்.

"மஞ்சளா? டாக்ஸின்னு நெனச்சி எவனாச்சும் கை காட்டுவான்மா" என்றான் ராஜவேலு.

எல்லாரும் சிரித்தோம். லோகாம்பாளும் சிரித்தார். அந்த மஞ்சளை எடுத்திருந்தால் அவன் இன்று இருப்பான். அதைத் தெரிந்துகொண்டுதான் நானும் சிரித்தேன்.

பிறகு அரக்கைக் காட்டினேன். "முகூர்த்தப் புடவை நிறம்மா. இதைவிட மங்களம் இன்னா இருக்குது" என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. ஏஜெண்டும் ஒத்து ஊதினார். "சிவப்பு சேஃப் சார். ஒரு மைல் தூரத்துல வரும்போதே தெரியும்." அவரை நான் திருத்தவில்லை.

கூடுதல் சாமான்களை ஏ செட், பி செட் என்று இரண்டாகக் கட்டியிருந்தார்கள். ஒன்றைத்தான் எடுக்கலாம். ஏ செட்டில் ரேடியோ, மரத்தில் செய்த ஸ்டியரிங், சிகரெட் லைட்டர். பி செட்டில் வெள்ளைப் பட்டை போட்ட டயர், பக்கவாட்டில் நிக்கல் பட்டி, நிக்கல் பம்பர், வண்டியை நிறுத்திவைத்திருக்கும்போது எரிகிற சின்ன விளக்கு இரண்டு. பி செட் எடுக்காவிட்டால் பம்பருக்கும் வண்டியின் நிறத்தையே அடித்துவிடுவார்கள்.

"ஏ எடுக்கலாம்" என்றேன்.

முனிசாமி பட்டியலைப் படித்தார். "சிகரெட் லைட்டரு எதுக்கு? நம்ம வூட்ல யாரு பிடிக்கறாங்க?"

"வண்டியில சாமி படம் வெக்கணும்லப்பா. ஊதுவத்தி ஏத்தலாம்" என்றான் ராஜவேலு, இமை ஆடாமல்.

"அதுவும் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார் அப்பா. எனக்கு நன்றி சொல்லும் விதமாக ராஜவேலு மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தான்.

எழுபத்திரண்டு ஆடி கழிந்து வண்டி வந்தது. கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ஊரே நின்று பார்த்தது. வெயிலில் அப்படி ஒரு நிறம். நானே மலைத்தேன்.

முதலில் அவன் ரோட்டை விட்டு நன்றாக இறக்கி, மண்ணில் நிறுத்தினான். ஐப்பசி மழை தொடங்கியதும், "புது டயரு சேத்துல புதையுது பாரு. ரெண்டு சக்கரம் தாரு மேலயே இருக்கட்டும்" என்றேன். இரண்டு சக்கரமும் தார்மேல் நின்றன. என்னைப் போல அவன் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவன் யாருமில்லை என்று தன் அம்மாவிடம் சொன்னானாம்.

ஆற்றிலிருந்து மணல் ஏற்றிய லாரி ஆறு மணி வாக்கில் கடைசி நடையாக அந்த வழியே ஊருக்கு வரும். தர்மன் ஓட்டுவான். மாகறல்காரன். விளக்குப் போட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிற வேளை. அந்த நேரத்தில் நான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கமாகப் பின்னால் நடப்பேன். ஒன்பது சாயங்காலம் அப்படி நடந்தேன். ஒரு நாள் லாரி முன்னதாக வந்தது, இன்னொரு நாள் வரவே இல்லை, ஒரு நாள் ராஜவேலு ரேடியோவுக்காக உள்விளக்கைப் போட்டிருந்தான். இப்படி ஏதாவது ஒன்று. நான் அவசரப்படவில்லை.

பத்தாம் நாளும், "ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்" என்றேன்.

"அதுக்கு எதுக்குடா இம்மாந்தூரம் போற? நான் இன்னா உன் மச்சினிச்சியா, வெக்கப்பட்டுக்கினு?"

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. நூறு தப்படி நடந்து திரும்பிப் பார்த்தேன். கூரை மடக்கியிருந்தது. வண்டி இல்லை. மரங்களும் ரோடும் இருந்தன. என் இருக்கை காலியானதும் வழக்கம்போல இடக் கையை அந்தப் பக்கம் நீட்டிப் போட்டிருந்தான். ஓரத்தில் ஒரு நெருப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது.

லாரி என்னைக் கடந்துதான் போனது. என் வெள்ளை வேட்டியைப் பார்த்துத் தர்மன் சற்று ஒதுக்கினான். நல்ல டிரைவர். நான் கையைத் தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பான். தூக்குவதற்கு நேரமும் இருந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அந்த நெருப்புப் பொட்டைப் பார்த்து அவன் இன்னொரு தடவை ஒதுக்கியதையும் பார்த்தேன்.

கோர்ட்டில் தர்மன் சொன்னது எல்லாமே உண்மை. "யாரோ பீடி குடிச்சிக்கினு ஓரமா நடந்து போறாங்கன்னு நெனச்சேன் சாமி. ஒரு ஆளுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ ஒதுங்கினேன். காரு சத்தியமாத் தெரியல." ஏன் விளக்குப் போடவில்லை என்று கேட்டார்கள். இன்னும் இருட்டவில்லை என்றான். இருட்டவில்லை என்றால் அவ்வளவு பெரிய சிவப்புக் கார் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார்கள். அதற்கும், தெரியல சாமி என்றுதான் சொன்னான். மரத்தடியில் நின்றவனின் வேட்டி தெரிந்ததா என்றார்கள். தெரிந்தது என்றான். அத்தோடு முடிந்தது.

என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன், அதனால் மோதியதைப் பார்க்கவில்லை என்றேன். கார் என்ன நிறம் என்று கேட்டார்கள். சிவப்பு என்றேன். தூரத்திலிருந்து தெரியுமா என்றார்கள். நன்றாகத் தெரியும் என்றேன். முனிசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தர்மனிடம் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவன் அந்த நேரத்துக்கு அந்த ரோட்டில் வந்தான், அவ்வளவுதான். வேறு டிரைவர் வந்திருந்தால் வேறு டிரைவர்.

இன்று விடிகாலையில் முறை முடிந்து வீட்டுக்கு வந்து படுக்கப் போனபோது தர்மனின் மனைவி பொன்னியம்மாள் கதவைத் தட்டினாள். மாகறலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கால் முழங்கால்வரை சேறு. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன்.

"உங்களைக் கொற சொல்ல வரலண்ணா" என்றாள். "அவரு தெரியல, தெரியலன்னே சொல்லிக்கினு இருக்கறாரு. பொய் சொல்ற ஆளு இல்ல. வக்கீலு சொல்றாரு, பொழுது சாயற நேரத்துல அந்தச் செவப்பு கண்ணுக்குத் தெரியாமப் போவும்னு சாயம் போடற ஆளு யாராச்சும் எழுதிக் குடுத்தாப் போதும், அப்பீல்ல வெளிய வந்திடலாம்னு. ஊர்ல கேட்டேன். கலரு விஷயத்துல உங்களுக்கு மேல ஆளு இல்லியாம். அதான் கேக்கறேன். தெரியாமப் போவுமாண்ணா?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன். "தெரியும். சிவப்பு எப்பவும் தெரியும்."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்கண்ணா."

"யோசிக்க ஒண்ணும் இல்லம்மா. என் தொழிலு இது."

அவள் சொம்பை ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். வேறு பட்டறையில் யாரையாவது கேட்கலாமா என்றாள். எல்லாரும் இதையேதான் சொல்வார்கள் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். தர்மன் உள்ளே இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வாசற்படி இறங்கினாள்.

நாளைக்கு வா, வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று நான் அவளை இழுத்தடித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கேட்ட உடனே பதில் சொல்லி அனுப்பினேன். பாவப்பட்டவர்களை வீணாக நடக்கவைப்பது எனக்குப் பிடிக்காது. அவள் தெரு முனை திரும்புகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினேன்.