வெந்நீர்த் தொட்டியில் கொடுத்த வாக்கு

— அந்த மூலையில உக்காந்திருக்கறவன் தலையைப் பாரு தோர்கெல். ஒரு சொட்டு ஈரம் இல்ல. குளிக்காமலே தொட்டியில இறங்கிட்டான் மகராசன்.

— வெளியூர்க்காரன் வேற எப்படி இருப்பான் ஹெர்தீஸ்? துணியில்லாம நின்னு சோப்புப் போட்டுட்டுத்தான் குளத்துப் பக்கமே வரணும்னு சுவர் பூரா படம் ஒட்டியிருக்கு. துரைக்குக் கூச்சமாம். இப்ப அவன் அழுக்குல நாம ஊறணும், கேட்டுக்கோ.

— மெல்லப் பேசுய்யா, காதுல விழப்போகுது.

— விழட்டுமே. ஐஸ்லாந்து பாஷை அவனுக்கு என்ன எழவு புரியும்?

— சரி, அவனை விடு. என் கீழ்வீட்டுக் கதை என்ன ஆச்சு? வீட்டுக்காரன் நீ தலைக்கு மேலயே குடியிருக்கேன்னுதான் பேரு. வாசல்ல தொங்கற கப்பல் மணியை அடிச்சாலும் கதவைத் திறக்க மாட்டேங்கறே.

— அதான் சொன்னேனே. சுடுதண்ணிக் குழாய் மொத்தமும் துருப்பிடிச்சுப் போச்சு. எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசு போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அக்குரேரிக்குப் போயி உன் தங்கச்சி வீட்டுல இரு. வேலை முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்.

— மூட்டை எல்லாம் கட்டிட்டேன். ஆனா மனசு என்னமோ பண்ணுது. எனக்கு இருக்கறது அந்த ரெண்டு அறைதான். இந்த வயசுல இன்னொரு வாசப்படியில போய் நிக்க எனக்குத் தெம்பு கிடையாது. நான் திரும்பி வந்தா அது என் வீடாவே இருக்குமா? வாயைத் திறந்து சொல்லு.

— என்ன பேச்சு இது! பத்தொன்பது வருஷமா நமக்குள்ள காகிதம்னு ஒண்ணு உண்டா? இதே தொட்டியில கழுத்தளவு தண்ணியில உக்காந்து பேசி முடிச்சதுதானே? இப்பவும் இதே தொட்டியில சொல்றேன், கேட்டுக்கோ. அது உன் வீடு.

— அப்பாடா. போதும். மந்திரியும் மீன்காரனும் ஒண்ணா உக்கார்ற இடம் இது. இங்க வச்சு எவனும் பொய் சொன்னதில்ல.

— பின்னே? வாடகைக்காரங்களை விரட்டிட்டு, பெட்டி உருட்டிக்கிட்டு வர்றவனுக்கு வீட்டைத் திறந்துவிடற ஜாதியா நான்? த்தூ. அந்தப் பிழைப்புக்குக் கடல்ல விழலாம்.

— பெட்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது. விடியறதுக்கு முன்னாடியே தெருவுல கடகடகடன்னு. போன வாரம் ஊர் சுத்திப் பாக்க வந்த ஒருத்தி பக்கத்து வீட்டுக்குப் போலீசைக் கூப்பிட்டுட்டா தெரியுமா? பனியில தள்ளுவண்டியோட குழந்தையை யாரோ வீசிட்டுப் போயிட்டாங்களாம்!

— வெளிக்காத்துல தூங்கினாத்தானே புள்ளை நல்லாத் தூங்கும்?

— அதை அவளுக்கு யாரு சொல்றது? போலீஸ்காரன் தலையில அடிச்சுக்கிட்டான். இன்னொருத்தன் குழாய்த் தண்ணியை மோந்து பாத்துட்டு முட்டை நாத்தம்னு மூக்கைப் பிடிக்கறான். பூமிக்குள்ளேயிருந்து வர்ற தண்ணி பின்னே பன்னீராட்டமா மணக்கும்?

— கூறுகெட்டதுங்க. நம்ம ஊரையே பொம்மைக்கடை ஆக்கிடுச்சுங்க.

— இரு, இவனைக் கொஞ்சம் சீண்டலாம். இங்கிலீஷ்ல கேக்கறேன். ஏம்ப்பா தம்பி, எந்த ஊரு?

— வணக்கம் அம்மா. போர்ச்சுகல். என் பெயர் துவார்த்தே. பள்ளி ஆசிரியர்.

— வாத்தியாரா! குளிச்சிட்டு இறங்கணும்னு வாத்தியாருக்குப் படிக்கத் தெரியலையா?

— ஐயோ, மன்னியுங்கள். அந்தப் படத்தை வேறு மாதிரி நினைத்துவிட்டேன். இதோ, போய்க் குளித்துவிட்டு வருகிறேன்.

— ஓடறான் பாரு தோர்கெல், பனியில வழுக்கி விழாம இருந்தா சரி. சொன்னதும் கேக்கறானே, பரவாயில்ல.

— அட, நீ வேற. இதுங்களுக்குப் பரிஞ்சு பேசாதே. சிரிச்ச முகமா வந்து ஊரைத் தின்னுட்டுப் போற கூட்டம்.

— அதுவும் சரிதான். வரட்டும், ஊரைப் பத்தி என்ன உளறறான்னு பாப்போம்.

— இப்போது சரியா அம்மா? தலையும் நனைந்துவிட்டது.

— உக்காரு, உக்காரு. எங்க ரெய்க்யாவிக் எப்படி இருக்கு?

— இவ்வளவு அமைதியான தலைநகரத்தை நான் கண்டதில்லை. காலை முழுவதும் ஏரிக்கரையில் இருந்தேன். இரண்டு வாத்துகள் சண்டை போட்டன. இன்று நான் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

— வாத்துச் சண்டை பாக்க ப்ளேன் ஏறி வந்திருக்கான், தோர்கெல்! சரி தம்பி, எங்க தங்கியிருக்கே?

— இப்போது ஒரு விடுதியில். வெள்ளிக்கிழமை முதல் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். பழைய பச்சைத் தகர வீடு. வாசலில் கப்பல் மணி தொங்குமாம்.

— ஹெர்தீஸ், எனக்குச் சூடு தலைக்கேறிடுச்சு. நான் கிளம்பறேன்.

— உக்காரு.

— மாத்திரை போடற நேரம்...

— உக்காருன்னேன். கப்பல் மணியா தம்பி? வலைக்காரத் தெருவா?

— ஆமாம்! உங்களுக்குத் தெரியுமா? உரிமையாளர் பெயர் டோனி.

— டோனி! எங்க தெருவுல டோனியாம். தம்பி, அந்த வீட்டுல குழாய் வேலை நடக்குதுன்னு சொன்னாங்களே?

— அப்படி எதுவும் அவர் எழுதவில்லையே. எனக்குப் பிறகு கோடை முடியும்வரை வரிசையாக ஆட்கள் வருகிறார்கள் என்றார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

— ஏன்?

— படங்களில் யாரோ வாழ்கிற வீடு போலத் தெரிந்தது. பின்னல் போர்வை, ஜன்னலில் செடிகள், கட்டிலடியில் செருப்பு. ஒருவரை வெளியேற்றிவிட்டு நான் வந்து படுக்கக்கூடாது இல்லையா? அதனால் கேட்டு எழுதினேன்.

— ஹெர்தீஸ், வா, வெளியில போய்ப் பேசலாம். உனக்கு எல்லாத்தையும் விளக்கமாச் சொல்றேன்.

— அதுக்கு டோனி என்ன பதில் போட்டாரு, தம்பி?

— அங்கே வெகுகாலம் குடியிருந்த அம்மா போன மாதம் காலமாகிவிட்டாராம். தங்கமான மனுஷி என்று எழுதியிருந்தார். முதல் நாள் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். பெயர்தான் தெரியவில்லை.

— தோர்கெல், தம்பிக்குப் புரியற மாதிரி இங்கிலீஷ்லயே அந்தம்மா பேரைச் சொல்லு.