பாட்டில்லாத கேசட்

அவனியாபுரத்திலிருந்து டவுனுக்கு வந்த ஷேர் ஆட்டோவில் நான் கம்பியோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மெல்லிசைக் குழுவின் பாடகரும் தபேலாக்காரரும்.

“அவன் கேசட்ட அழிச்சுட்டேன் மாப்ள” என்றார் பாடகர்.

“யாரு, நம்ம பேஸ் கிட்டார்காரன் தனியா வாசிச்சுப் போட்டதையா?”

“அதத்தான். இம்புட்டு நாளா எனக்குப் பின்னால நின்னு வாசிச்ச பய. இப்ப பாட்டே இல்லாம தனியா மேடையேறுறான், சனமும் வாயப் பொளந்துக்கிட்டு கேக்குது. எனக்குப் பொறுக்கல. மேல பதிய முடியாதபடி கேசட்டுல விட்டிருக்குற ஓட்டையில பேப்பரத் திணிச்சு, அவன் வாசிச்சது மேலயே நான் பாடிப் பதிஞ்சுட்டேன்.”

“போட்டுக் கேட்டீங்களாண்ணே?”

“கேட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

பாடகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவன் வாசிக்காம நான் பாடி இப்பத்தான் கேக்குறேன். சுருதி அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது மாப்ள. நம்ம குரலா இதுன்னு ஆயிப்போச்சு.”

“சரி, இப்ப எங்க போறோம்?”

“அவன் வாசிச்ச அதே கேசட்டுல இன்னொண்ணு வாங்கத்தான். கடையில நீ போய்க் கேளு. நான் வாங்குனேன்னு அவன் காதுக்குப் போயிரக் கூடாது.”