விதி மூணு

...இல்ல சார், உங்களையும் சேத்துட்டாங்களான்னுதான் கேட்டேன். போன்ல, தெரு குரூப்ல. சேத்துட்டாங்க, இல்ல? அதானே பாத்தேன்! குடி வந்து நாலு நாள் ஆகல, அட்டைப் பெட்டியெல்லாம் பிரிக்காம வராந்தாவுல அப்படியே கெடக்கு, அதுக்குள்ள உங்க போன்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க.

நானா? இந்தா, பக்கத்து வீடு. கறுப்பு கேட்டு. அந்த வாளிய கீழ வைங்க சார், கை வலிக்கப் போவுது. குப்பை வண்டி இப்ப வராது. காலை ஏழு மணின்னு மொனையில போர்டு இருக்கே, அதப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? எழுதினவன் தமாஷுக்கு எழுதினான் சார். நாம நெஜம்னு நம்பிக்கிட்டு, பல்லு வெளக்காம வாளியும் கையுமா வந்து நிக்கறோம்.

இன்னிக்கு அந்த குரூப்பத் தொறந்து பாத்தீங்களா? பூவு, சூரியன், ரெண்டு குருவி, 'இந்த நாள் இனிய நாளாகட்டும்'. ஏன் சார், ஒருத்தன் சொன்னா போதாதா? தெருவே சேந்து தள்ளினாத்தான் நாள் நகருமா? அதுக்குக் கீழ எவனாவது ஒரு அப்பாவி, வெளக்கு எரியலன்னு போட்டிருப்பான். சீந்த மாட்டாங்க. அதுக்கும் கீழ, வக்கீல் வீட்டுச் சின்னப் பையனுக்கு மொதப் பல்லு விழுந்துடுச்சுன்னு படமாம். பல்லு சார்! உள்ளங்கையில வெச்சு, கிட்ட கொண்டுபோயி எடுத்து! அதுக்குத் தெருவே கைதட்டுது. பல்லு விழுந்ததுக்கு எதுக்கு சார் கைதட்டு? அது என்ன ராப்பகலா கண்ணு முழிச்சுப் படிச்சிட்டா விழுந்துச்சு?

நேத்து சாயந்திரம் கூட என்னமோ ஒரு படம் வந்திருக்குமே... கொழந்தை படம்... வந்துச்சாமே? இல்ல, சும்மா கேட்டேன். எனக்கென்ன அதுல. அப்புறம் பாத்துக்கலாம்.

இந்த சாக்கடை மூடியப் பாத்தீங்களா, உங்க வாசல்லயே? ஜாக்கிரதையா கால வைங்க. மொதல்ல ஒரு மூடி போட்டான். சின்னது. உள்ளயே விழுந்துடுச்சு. அடுத்தது கொண்டுவந்தான், பெருசு, இந்தா துருத்திக்கிட்டு நிக்குதே, இதுதான். அளவெடுக்க வந்தவன் பையில டேப்பு இருக்கு சார், இந்தக் கண்ணால பாத்தேன். அத எடுக்க சோம்பேறித்தனம், சாண் போட்டு அளந்துட்டுப் போறான்! எனக்கு வயிறு எரியுமா எரியாதா? நான் யாரு? எடையளவு ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். தராசு, எடைக்கல்லு, எண்ணெய் அளக்கற லிட்டரு, அத்தனையும் என் முத்திரை இல்லாம கடையில இருக்க முடியாது. துளி கொறைஞ்சாலும் கடைக்குப் பூட்டுதான். என் மாமனார் கடையையே பூட்டினவன் சார் நான். கல்யாணமான புதுசு! சீர் வாங்கின கை ஈரம் காயலன்னு அவங்க சொந்தக்காரங்க எல்லாம் வாயில அடிச்சுக்கிட்டாங்க. வீட்டுக்காரி ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. விதின்னா விதி. மாமனாருக்கு ஒண்ணு, மத்தவனுக்கு ஒண்ணா?

சிரிங்க, சிரிங்க. அவரும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு, பூட்டு 'டக்'குனு விழற வரைக்கும்.

அது இருக்கட்டும். இந்தத் தெருவுக்கு குரூப்புன்னு ஒண்ண ஆரம்பிச்சது யாருன்னு உங்களுக்குச் சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. நாக்கு வராது. நான்தான் சார்! வீடு வீடா மணியடிச்சு, நம்பர் வாங்கி, போன்ல ஏத்தத் தெரியாதவங்களுக்கு ஏத்திக் குடுத்து... மூணே மூணு விதி வெச்சேன். ஒண்ணு, தண்ணி, வெளக்கு, ரோடு, குப்பை, சாக்கடை. பேசணும்னா இதப் பேசு. ரெண்டு, எல்லாரும் தூங்கற நேரத்துல எதையும் போடாத. மூணு, குடும்ப விஷயம் கூடவே கூடாது. பொறந்த நாளு, கல்யாண நாளு, பையன் பாசானது, பாட்டுப் போட்டியில கப்பு வாங்கினது, ம்ஹூம். மீறினா நீக்கம்.

சும்மா சொல்லக் கூடாது, தெரு அப்ப தெருவா இருந்துச்சு. எரியாத வெளக்கு எரிஞ்சுது. வேகத்தடை வந்துச்சு. இந்த வக்கீல் இருக்காரே, பல்லு வீடு, அவரு புது காரு வாங்கி மாலையெல்லாம் போட்டுப் படம் போட்டாரு. குடும்ப விஷயம், நீக்குன்னேன். அதெப்படி, காரு தெருவுலதானே நிக்கப் போவுது, அப்ப அது தெரு விஷயம்தானேன்னு வாதாடறாரு! எங்கிட்டயா? நீக்கிட்டேன். மறுநாள் வாசல்ல வந்து நின்னாரு, போனாப் போவுதுன்னு சேத்துக்கிட்டேன். நாய் வளக்கறாங்களே, கோடி வீட்டு அம்மா, அவங்களுக்கும் ஒருக்கா ஆச்சு. நாய் குட்டி போட்டது குடும்ப விஷயமா இல்லையான்னு பெரிய பஞ்சாயத்து. குடும்பம்தான்னு தீர்ப்பு சொன்னேன். அவங்களே அத மகள்னுதானே கூப்புடறாங்க?

அப்படி இருந்த குரூப்பு ஏன் ஒடஞ்சுதுன்னா... என்ன? வண்டியா? இல்ல சார், அது கேஸ் வண்டி. நம்ம வண்டிக்குப் பாட்டு வேற. நில்லுங்க.

எனக்கு ஒரே பொண்ணு. வெளியூர்ல கட்டிக் குடுத்திருக்கோம். இந்தத் தெருவுலதான் சைக்கிள் பழகி விழுந்து எந்திரிச்சது எல்லாம். எந்த வீட்டு அடுக்களைக்குள்ள வேணாலும் கேக்காம நுழைவா. அந்த உரிமையில அவளும் குரூப்ல இருந்தா. கல்யாணமாகி எட்டு வருஷம் சார். கொழந்தை இல்ல. இங்க வரும்போதெல்லாம் இந்தத் தெருவுப் பொம்பளைங்க இருக்காங்களே, பெட்டிய எறக்கி வைக்க விட மாட்டாங்க. 'என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?' ஒருத்தி மாத்தி ஒருத்தி. 'என்னம்மா, விசேஷம்?' எனக்கே காது கூசும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? வர்றதையே கொறைச்சுக்கிட்டா.

ஒருநாள் மெயின் பைப்பு ஒடஞ்சுபோச்சு. தெரு பூரா வெள்ளம், வீட்டுக் குழாயில சொட்டு இல்ல. நான் லாரிக்குச் சொல்லிட்டு, குரூப்ல யாரு யாரு எத்தன குடம்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். நடுவுல டிங்குனு ஒண்ணு. 'மாமா, அத்தைங்க எல்லாருக்கும்! இத்தன வருஷமா கேட்டீங்களே, இப்பக் கேளுங்க. விசேஷம்தான்!' என் பொண்ணு.

அவ்வளவுதான். லாரியாவது குடமாவது! பூங்கொத்து, பலூனு, அழுவற பொம்மை, சிரிக்கற பொம்மை... லாரிக்காரன் மொனையில நின்னுக்கிட்டு எந்தப் பக்கம் திரும்பறதுன்னு கேக்கறான், அவன் கேள்வி அந்த பலூனுக்குள்ள எங்கயோ போயிடுச்சு.

எனக்கு சந்தோஷம் இல்லாமயா சார்? அந்த ஒரு வரியவே ரெண்டு தடவ படிச்சேன். ஆனா அந்த வக்கீல், அந்த ஆளு, அந்த நேரம் பாத்து ஒண்ணு போட்டாரு. 'சார், இது விதி மூணுல வருமா?' குத்தல்! ஊரே பாக்குது. நான் என்ன பண்ணுவேன்? சொந்தப் பொண்ணுன்னு கண்டுக்காம விட்டா, நாளைக்கு எவன் என்ன மதிப்பான்? 'குடும்ப விஷயம். விதி மூணு'ன்னு போட்டேன். போட்டுட்டு... நீக்கிட்டேன்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

பாராட்டுவாங்கன்னு நெனச்சேன் சார். உண்மையச் சொல்றேன். 'நேர்மைன்னா இவருய்யா'ன்னு நாலு பேராவது சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். மொதல்ல நாய் வீட்டம்மா வெளியேறினாங்க. அப்புறம் மாடி வீடு. அப்புறம் ஒவ்வொருத்தரா, சரசரன்னு, லாரி தண்ணிய எறக்கிட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள அத்தன பேரும். வக்கீலும்! கேள்வி கேட்டதே அவருதான், அவருக்கு என்ன ரோஷம் வேண்டிக் கெடக்கு? கடைசியா என் வீட்டுக்காரி. அடுத்த ரூம்ல, சமையக்கட்டுல இருந்துக்கிட்டே வெளியேறினா சார்! கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு வந்து நின்னா. 'உங்க விதிய நீங்களே எழுதிக்கிட்டீங்க'ன்னா. திரும்பி உள்ள போய்ட்டா.

மறுநாளே புது குரூப்பு. இப்ப உங்கள சேத்திருக்காங்களே, அதான். அதுக்கு அட்மின் யாரு தெரியுமா? என் பொண்ணு! வெளியூர்ல உக்காந்துக்கிட்டு இந்தத் தெருவ நடத்தறா. அதான் பல்லு கில்லெல்லாம் வருது.

அன்னையிலேந்து எங்கிட்டப் பேசறது இல்ல. நானும் பேசல. பெத்தவன் நானு, நானா மொதல்ல போயி நிப்பேன்? பிரசவத்துக்கு வீட்டுக்காரி மட்டும் கெளம்பிப் போனா. என்ன வான்னு கூப்புடல. நானும் பெட்டிய ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டுப் போனேனே ஒழிய, வரட்டுமான்னு ஒரு வார்த்த கேக்கல. முந்தாநேத்து போன் பண்றா. 'பொறந்தாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.' என்ன கொழந்தைன்னு மொதல்ல கேக்க மாட்டேனோ? 'படம் அனுப்பு'ன்னுட்டேன். 'நாளைக்கு தெரு குரூப்ல வரும், பாத்துக்கோங்க'ன்னு வெச்சுட்டா. பாத்துக்கோங்களாம்! எதுல பாக்கறது? திரும்பக் கூப்புடலாம்னு நம்பர் வரைக்கும் போயிட்டேன் சார். கூப்புடல. இறங்கி வந்துட்டாருன்னு நெனைக்க மாட்டாளா?

இந்தத் தெருவுல யாருகிட்டப் போய் கேக்கச் சொல்றீங்க? நேத்து நாய் வீட்டம்மா, 'தாத்தா ஆயாச்சு, மூக்கு அப்படியே உங்களுதுதான்'ன்னுட்டு நாயோட போய்ட்டாங்க. பேரனா பேத்தியான்னு நான் கேட்டா தெரு கைகொட்டிச் சிரிக்காதா? உங்களுக்குத்தான் சார் என்னத் தெரியாது. அதனாலதான்... காலையிலேந்து மூணு தடவ உங்க வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனேன். நீங்க வாளியத் தூக்கிக்கிட்டு வந்தீங்க, நல்லதாப் போச்சு.

கொஞ்சம்... அந்த போனத் தொறங்க சார். நேத்து சாயந்திரத்துக்கு. மேல தள்ளுங்க. இது பல்லு, தள்ளுங்க. இது குருவி. ம்... நில்லுங்க, நில்லுங்க. இதுதானா? கண்ணாடிய உள்ளயே வெச்சுட்டு வந்துட்டேன். பெருசு பண்ணுங்க. கீழ என்ன எழுதியிருக்கு? படிங்களேன்.

பொண்ணா?

பொண்ணு சார்...

இது என்ன தொப்பி, கண்ணு வரைக்கும் எறங்கிக் கெடக்கு? அளவு பாத்து வாங்க மாட்டாங்களா? துணிய யாரு சுத்தினது, தொளதொளன்னு? அட, கைய வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, கட்டி வெச்சா அடங்குமா அது. மூக்கு... ஐயோ பாவம். என்னுதேதான். எடை என்ன போட்டிருக்கா? போடலியா! பாத்தீங்களா சார், இதத்தான் சொல்றேன், கொழந்தை பொறந்த சேதியில எடை போட வேணாமா? எடை இல்லாம இது என்ன சேதி!

எனக்கு அனுப்பறீங்களா? வேணாம்... வேணாம் சார். நீங்க அனுப்பினா அது நீங்க அனுப்பின படம்.

என் குரூப்பு இன்னும் இருக்கு, கலைக்கல. இந்தா பாருங்க. உறுப்பினர், ஒண்ணு. நான் மட்டும்தான். இன்னமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், 'இன்று குப்பை வண்டி தாமதம்'ன்னு. யாரு படிக்கறா? நானே போட்டு நானே படிக்கறேன். சார், நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே? இந்த விதி மூணு இருக்கே மேல, இத எப்படி எடுக்கறது? இங்கயா... ம். போயிடுச்சா? அவ்வளவுதானா? இவ்வளவு லேசாவா எடுக்கலாம் அத?

இப்ப ஆளச் சேக்கறது... அது தெரியும். இந்தா, என் பொண்ணு, பாப்பான்னு போட்டிருக்கேன் அவ பேரு. இத அமுக்கினா அவ போன்ல நான் சேத்தேன்னு காட்டுமா? காட்டுமில்ல?

அமுக்கிட்டேன்.

வண்டி வந்துடுச்சு சார், போங்க, ஓடுங்க, நிக்க மாட்டான் அவன்! நான் இங்கயே நிக்கறேன்... ரெண்டுன்னு காட்டுது. உறுப்பினர் ரெண்டு. இருக்க மாட்டா பாருங்க, உடனே வெளியேறிடுவா, வீம்பு புடிச்சது, யாரு பொண்ணு... இன்னும் இருக்கா. என்ன எழுதறது? மன்னிச்சுக்கோன்னு எழுத எனக்குக் கை வராது சார். 'எடை என்ன?' எழுதிட்டேன். அனுப்பிட்டேன். தப்போ? ஏதோ எழுதறா. எழுதறா... நிறுத்திட்டா. மறுபடி எழுதறா.

'நீங்களே வந்து தூக்கிப் பாத்துச் சொல்லுங்கப்பா.'

சார்! வண்டிகிட்ட நிக்கற சார்! அப்படியே பால்காரர் வந்தா ஒரு வார்த்த சொல்லிடுங்க, கறுப்பு கேட்டுக்கு ஒரு வாரத்துக்குப் பால் வேணாம்னு. நான் பெட்டி எடுக்கப் போறேன். ஏன்னு கேட்டா... கேட்டா என்ன, சொல்லுங்க சார். பால்காரர்கிட்ட சொல்லுங்க, வக்கீல்கிட்ட சொல்லுங்க, அந்த குரூப்லயும் போடுங்க. பேத்தியப் பாக்கப் போயிருக்கேன்னு.